சீன மக்களின் அரச நம்பிக்கை: ஒரு திறனாய்வு

ஓர் அரசு நிலைபெறுதற்கு வேண்டுவன யாவை என்று சீனத்துப் பேரறிஞர் கொன்பூசியஸிடம் அவர் மாணாக்கர் சூகொங் வினவிய செய்தி, 'லுன்யூ' என்னும் உரையாடல் தொகை நூலிற் காணப்படுகின்றது. உணவு, படை, மக்களின் நம்பிக்கை என மூன்றினை ஆசிரியர் எடுத்துக் கூறினார். இம்மூன்றனுள் ஒன்றைக் கைவிட நேரின் முதலிற் படையைக் கைவிடலாம். மற்றும் ஒன்றைக் கைவிட நேரின் உணவையும் கைவிடலாம். நம்பிக்கையை மாத்திரம் கைவிடுதல் ஆகாது என்பது அவர்தம் கருத்தாகும்.

இவ்வுரையாடலில் உற்று நோக்கற்பாலது ஒன்றுண்டு. நம்பிக்கை என்பது ஈண்டுக் குடிகளின் கடமையாகக் கூறப்படவில்லை. ஆள்வோர் தேடிப் பெற்றுப் பேண வேண்டிய பொருளாகவே கூறப்பட்டுள்ளது. நம்பிக்கையைக் குறிக்கும் 'சின்' என்னும் சீனச் சொல்லை எழுதப் பயன்படும் எழுத்து, மனிதனைக் குறிக்கும் உறுப்பும் சொல்லைக் குறிக்கும் உறுப்பும் இணைந்து அமைந்ததாகும். சொன்ன சொல்லில் நிற்பவன் எவனோ அவனே நம்பத்தக்கவன் என்னும் கருத்து அவ்வெழுத்தைக் காண்பார்க்கு எளிதிற் புலனாகும். ஆதலின் சீன மக்கள் தம் அரசாங்கத்தை எத்துணை நம்புகின்றனர் என்னும் வினாவோடு, எந்தச் சொல் கொடுக்கப்பட்டது, அதனை எவர் காத்தனர், காவாதவிடத்து மக்கள் யாது செய்தல் கூடும் என்னும் வினாக்களும் சேர்த்தே ஆராயப்படல் வேண்டும். அண்மைக் காலத்து வெளிவந்த கணக்கெடுப்புக்கள் பலவும் முதல் வினாவோடு நின்றுவிடுகின்றன. அவற்றை எடுத்தாள்வோர் பலர், அவற்றின் விடையையே முடிந்த முடிபாகக் கொண்டு விடுகின்றனர்.

அக்கணக்கெடுப்புக்களுட் சிறந்தது ஹாவாட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எட்வேட் கனிங்ஹாம், அன்ரனி சைச், ஜெசி ரூரியல் ஆகிய மூவரும் 2020ஆம் ஆண்டு யூலை மாதத்தில் வெளியிட்ட அறிக்கையாகும். 2003 முதல் 2016 வரை எட்டு முறை, நகரத்தாரும் கிராமத்தாருமாக 31,000 பேருக்கு மேற்பட்டோர் நேரிற் காணப்பட்டு வினவப்பட்டனர். மத்திய அரசாங்கத்தின் செயல்களில் மனநிறைவு கொண்டோர் 2003இல் நூற்றுக்கு 86.1 வீதமாக இருந்தனர். 2016இல் நூற்றுக்கு 93.1 வீதமாயினர். எடெல்மன் என்னும் நிறுவனம் பல நாடுகளை ஒப்பிட்டு வெளியிட்ட 2022ஆம் ஆண்டு அறிக்கையிலும், தம் அரசாங்கத்தை நம்புவதாகக் கூறிய சீனர் நூற்றுக்கு 91 வீதத்தினர். அவ்வாண்டு ஆராயப்பட்ட நாடுகளுள் இதுவே மிக உயர்ந்த தொகையாகும்.

இவ்வெண்களுக்கு இருவகைப் பொருள் கூறப்படுவதுண்டு. ஒரு சாரார் பண்பாட்டைக் காரணமாகக் காட்டுவர். சீன மரபு பெரியோரை வணங்குதலையும் பூசல் தவிர்த்தலையும் போற்றுவது. ஆட்சியிலிருப்போரைத் தந்தையர் போற் கொள்வது. ஆதலின் நம்பிக்கை அங்கு இயல்பாகவே மிகுதியாக இருக்கும் என்பது அவர்தம் வாதம். அரசியலறிஞர் ஷி தியன்சியன் இக்கருத்தை ஆழமாக ஆராய்ந்தவருள் ஒருவர். மற்றொரு சாரார் அச்சத்தையே காரணமாகக் காட்டுவர். கட்சியொன்றே ஆளும் நாட்டில், முன்பின் அறியாத ஒருவர் வாயிலில் நின்று அரசாங்கத்தைப் பற்றி வினவும்போது எவரேனும் உண்மை உரைப்பரோ என்பது அவர்தம் வினா.

இவ்விரு விளக்கங்களும் முழுமையுடையன அல்ல என்பதற்குச் சான்று, மேற்காட்டிய ஹாவாட் அறிக்கையிலேயே உள்ளது. மத்திய அரசாங்கத்தைப் பற்றி 86.1 என்னும் எண்ணைத் தந்த அதே மக்கள், அதே 2003ஆம் ஆண்டில், தமக்கு மிக அண்மையிலுள்ள சிற்றூர்ப்பிரிவு நிருவாகத்தைப் பற்றி வினவப்பட்டபோது நூற்றுக்கு 43.6 வீதத்தினரே மனநிறைவு தெரிவித்தனர். பணிவு மாத்திரமே காரணமாயின், அதே பணிவு சிற்றூர் உத்தியோகத்தரை ஏன் சாரவில்லை? அச்சம் மாத்திரமே காரணமாயின், வாசலுக்கு வந்து தண்டிக்க வல்லவராகிய உள்ளூர் உத்தியோகத்தரைக் குறைகூற அவர்கள் எவ்வாறு துணிந்தனர்? மக்களாட்சி நிலவும் அமெரிக்கா முதலிய நாடுகள் சிலவற்றில் இதற்கு நேர்மாறான நிலை காணப்படுகின்றது. அங்கு மக்கள் அண்மையிலுள்ள நகரசபையைச் சேய்மையிலுள்ள மத்திய அரசாங்கத்தினும் மிகுதியாக நம்புவர். சீனாவிலோ அண்மை ஐயத்தையும் சேய்மை நம்பிக்கையையும் விளைவிக்கின்றது. இந்த வேறுபாடே ஆராய்ச்சிக்குரிய பொருளாகும், 93.1 என்னும் தனியெண் அன்று.

இவ்வேறுபாட்டிற்கு ஒரு காரணம் நிருவாக அமைப்பிலேயே உள்ளது. 1994ஆம் ஆண்டின் வரிப்பகிர்வுச் சீர்திருத்தம் வருமானத்தின் பெரும்பங்கை மத்தியிடம் சேர்த்தது; கல்வி, வைத்தியம், வீதி முதலியவற்றின் செலவோ பெரும்பாலும் கீழ்நிலை அரசாங்கங்களின் தலையிலேயே தங்கிற்று. அக்குறையை நிரப்பச் சிற்றூர் உத்தியோகத்தர் பல பெயர்களாற் கட்டணம் அறவிட்டனர். கிராமத்தாரின் கூட்டுடைமையாகிய காணிகளைக் குறைந்த நட்டஈட்டிற்குப் பெற்றுக் கட்டட முதலாளிமாருக்கு உயர்ந்த விலைக்குக் கொடுத்தனர். பிள்ளைப்பேற்றுக் கட்டுப்பாட்டை வீடுவீடாகச் சென்று நிறைவேற்றியவரும் அவர்களே. இவ்வாறு நற்சட்டம் இயற்றும் பெருமை மத்திக்கும், வன்சொற் கூறிக் காசு கேட்கும் பழி சிற்றூருக்கும் உரியனவாயின. குடியானவன் ஒருவன் மத்தியைக் கண்டது தொலைக்காட்சியில். சிற்றூர் உத்தியோகத்தனைக் கண்டது தன் வயல் வரம்பில்.

எனினும் மக்கள் கண்மூடி இருந்தாரல்லர். 2003இல் கிராமக் கூட்டுவைத்தியத் திட்டம் தொடங்கப்பட்டது. நெடுங்காலம் நிலவிய விவசாய வரி 2006ஆம் ஆண்டு சனவரி முதலாந் தேதியோடு ஒழிந்தது. 2009இன் பின்னர் வைத்தியக் காப்புறுதி நாட்டின் பெரும்பகுதி மக்களையும் தழுவிற்று. இதன் பயனாகச் சிற்றூர் நிருவாகத்தில் மனநிறைவு கொண்டோர் தொகை 2016இல் நூற்றுக்கு 70.2 வீதமாக உயர்ந்தது. வறிய உள்நாட்டுப் பகுதிகளில் இவ்வுயர்வு சிறப்பாகக் காணப்பட்டதென அறிக்கை கூறுகின்றது. வரி நீங்கியபோது மதிப்பு உயர்ந்தது. மருந்து கிடைத்தபோது மதிப்பு உயர்ந்தது. எனவே வினவப்பட்டோர் தம் வாழ்க்கையை நோக்கியே விடையளித்தனர் என்பது பெறப்படும். அவ்விடைகளைப் பொய்யென ஒதுக்குவோர் இம்மக்களின் அறிவை அவமதிப்போராவர். ஆயினும் அங்கு வினவப்பட்டது மனநிறைவேயன்றி நம்பிக்கை அன்று என்பதையும் மறத்தலாகாது. கிடைத்ததைப் பற்றி எழுவது மனநிறைவு. இனி வரப்போவதைப் பற்றியும், தவறு நேர்ந்தவிடத்து நீதி கிடைக்குமென்பதைப் பற்றியும் எழுவது நம்பிக்கை.

அந்நீதியைத் தேடிச் செல்லும் வழியிலேயே சேய்மை நம்பிக்கையின் இயல்பு நன்கு புலப்படும். கடிதத்தாலும் நேரிற் சென்றும் முறையிடும் 'சின்ஃபாங்' என்னும் ஏற்பாடு சீனாவில் உண்டு. உள்ளூரில் நீதி பெறாதோர் மாவட்டத்துக்கும், அங்கும் பெறாதோர் மாகாணத்துக்கும், ஈற்றிற் பெய்ஜிங்குக்கும் மனுவோடு செல்வர். பேரரசர் காலத்திலும் தலைநகர் சென்று முறையிடும் வழக்கம் இருந்தது. கெவின் ஓபிரையன், லி லியன்சியாங் என்னும் அறிஞர் இருவரும் 2006இல் வெளியிட்ட நூலில், மத்தியின் சட்டத்தையும் மத்தியின் சொல்லையுமே கருவியாகக் கொண்டு உள்ளூர் உத்தியோகத்தரை எதிர்க்கும் கிராமத்தாரின் முறையை விரித்துரைத்தனர். இங்கு மத்தியை நம்புகின்றோம் என்னும் கூற்று ஒரு மதிப்பீடு மாத்திரமன்று. அது ஒரு விண்ணப்பம், ஒரு கேடயமுமாகும். மத்தியின் பேரால் நிற்பவனைக் கலகக்காரன் என்று தண்டித்தல் உள்ளூர் உத்தியோகத்தருக்கு அத்துணை எளிதன்று.

குவாங்டொங் மாகாணத்து வூக்கான் என்னும் கடற்கரைக் கிராமத்தின் வரலாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. தம் கூட்டுக்காணி தமக்குத் தெரியாமலே விற்கப்பட்டதென்று 2011 செத்தெம்பரில் அக்கிராமத்தார் கிளர்ந்தெழுந்தனர். அவர்தம் பிரதிநிதிகளுள் ஒருவரான சூவே சின்போ அவ்வாண்டு திசெம்பரில் பொலிசாரின் காவலில் இறந்தார். இருதய நோய் என்றனர் அதிகாரிகள். குடும்பத்தார் அதனை ஏற்கவில்லை. உத்தியோகத்தரைக் கிராமத்தினின்றும் வெளியேற்றிய மக்களைப் பொலிசார் சுற்றி வளைத்தனர். அந்நிலையிலும் கிராமத்தார் கட்சியை வாழ்த்தியும் மத்திய அரசாங்கத்தின் உதவியை வேண்டியும் பதாகைகள் ஏந்தினர். மாகாணக் கட்சித் துணைச் செயலாளர் சூ மிங்குவோ வந்து பேசினார், உடன்பாடு ஏற்பட்டது. 2012 மார்ச்சில் இரகசிய வாக்கெடுப்பு நடந்து, கிளர்ச்சியின் தலைவர் லின் சூலுவான் கிராமத் தலைவராகத் தெரிவு செய்யப்பட்டார். மேலே சென்ற முறையீடு பயன் தந்தது என்றே உலகம் மகிழ்ந்தது.

ஆனாற் பறிபோன காணியின் பெரும்பகுதி மீளவில்லை. 2016இல் மீண்டும் போராட்டத்துக்கு ஆயத்தம் செய்த லின் சூலுவான் கைதாகி, இலஞ்சக் குற்றத்தின்மேல் மூன்றாண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை பெற்றார். கிராமம் பொலிசாரால் அடக்கப்பட்டது. கிராமத்தார் ஒன்பது பேர் சிறை புகுந்தனர். இவற்றினும் வியப்பானது, 2011இல் மீட்பராக வந்த சூ மிங்குவோவே அதே 2016இல் இலஞ்சக் குற்றத்துக்காக, இரண்டாண்டு ஒத்திவைக்கப்பட்ட மரணதண்டனை பெற்றமையாகும். அண்மையிலிருப்போர் தீயர், மேலிருப்போர் நல்லர் என்னும் கொள்கை எத்துணை மெல்லிய நூலிலே தொங்குகின்றது என்பதை இவ்வொரு செய்தி காட்டும். மேலிருப்பவர் நெருங்கி வருந்தோறும் அவரும் அண்மையராகி விடுகின்றார்.

மத்திக்கு உண்மை தெரியாது. தெரிந்தால் திருத்தும் என்பது சேய்மை நம்பிக்கையின் உயிர்நாடி. ஆயின் உண்மை மேலே செல்லும் வழியை அடைத்தவர் எவர்? 1959இல் லூஷான் மாநாட்டின்போது, பெரும் பாய்ச்சல் திட்டத்தின் கேடுகளை எடுத்துரைத்த பாதுகாப்பு அமைச்சர் பெங் தெகுவாய் பதவியிழந்தார். விளைச்சலை மிகைப்படுத்திய பொய்க்கணக்குகள் மேலே சென்றன. கோடிக்கணக்கான மக்கள் பஞ்சத்தால் மாண்டனர். 2019ஆம் ஆண்டின் இறுதியில் வூகான் நகரத்து வைத்தியர் லி வென்லியாங் புதுவகை நோய் பற்றித் தம் நண்பரை எச்சரித்தார். வதந்தி பரப்பினாரென 2020 சனவரி 3ஆந் தேதி பொலிசார் அவரைக் கண்டித்தனர். பெப்ருவரி 7ஆந் தேதி அதே நோயால் அவர் இறந்தார். மத்தியிலிருந்து ஆராய்ச்சிக் குழுவொன்று வந்தது. மார்ச்சில் அக்கண்டனம் நீக்கப்பட்டது. பொலிசார் இருவர் ஒழுக்காற்று நடவடிக்கைக்கு உள்ளாயினர். உண்மை சொன்னவரை ஒறுக்கும் வழக்கத்தை அந்த இரு பொலிசாரோ படைத்தனர்? அவர்கள் நெடுங்காலமாக நிலவிய ஒரு முறையின் கடைக்கோடி ஏவலர். கீழோர் தண்டனை பெறுந்தோறும் மேலோர் புகழ் பெறுவர். முறை மாத்திரம் மாறாது நிற்கும்.

இனி, வினாக்கொத்துக்கு வாய் கூறும் விடையோடு, சந்தையிற் கை கூறும் விடையையும் ஒப்பிட்டு நோக்கல் தகும். 2008இல் சன்லூ முதலிய நிறுவனங்களின் பால்மாவில் மெலமைன் என்னும் நச்சுப்பொருள் கலந்திருந்தமை வெளிப்பட்டது. ஏறத்தாழ 3 இலட்சம் குழந்தைகள் நோயுற்றனர். ஆறு குழந்தைகள் இறந்தன. செய்தி முன்னரே தெரிந்திருந்தும், பெய்ஜிங் ஒலிம்பிக் விழா நடந்தேறிய பின்னர் செத்தெம்பரிலேயே மக்களுக்கு அறிவிக்கப்பட்டது. குற்றவாளிகள் இருவர் 2009இல் மரணதண்டனை பெற்றனர். மத்தியின் தரக்கட்டுப்பாட்டுத் தலைவர் பதவி விலகினார். எனினும் தாய்மார் மனம் தேறவில்லை. எல்லை கடந்து சென்று அவர்கள் வாங்கிய பால்மாவின் அளவு மிகுந்தமையால், ஒருவர் 1.8 கிலோவுக்கு மேற் கொண்டு செல்லலாகாதென ஹொங்கொங் அரசாங்கம் 2013 மார்ச்சிற் சட்டம் செய்தது. அதே காலத்தில் மத்திய அரசாங்கத்தில் மனநிறைவு கொண்டோர் தொகை மிக உயர்ந்தே நின்றது. தன் குழந்தையின் பால் என்று வந்தபோது, அரசாங்கத்தின் முத்திரையை நம்பாது அயலார் முத்திரையை நாடிய தாயும் அக்கணக்கெடுப்பில் 'நிறைவு' என்று விடையளித்திருத்தல் கூடும். அவள் பொய் கூறினாள் என்பதற்கில்லை. நாட்டை ஆளும் திறத்தை மெச்சுதல் வேறு; உயிரை ஒப்படைத்தல் வேறு.

அச்சம் பற்றிய வாதத்தையும் ஈண்டு மீண்டும் நோக்க வேண்டும். உள்ளூர் உத்தியோகத்தரைக் குறை கூறுதல் ஓரளவுக்கு இசைவு பெற்றது; மத்தியைக் குறை கூறுதல் அவ்வாறன்று. ஆதலின் மத்தியைப் பற்றிய எண்ணில் அச்சத்தின் பங்கு எவ்வளவு என்று அளக்க ஆராய்ச்சியாளர் ஒரு சூழ்ச்சியைக் கையாண்டனர். வினவப்படுவோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சில எளிய கூற்றுக்களையும், மற்றப் பிரிவினருக்கு அவற்றோடு அரசாங்கம் பற்றிய கூற்று ஒன்றையும் சேர்த்துக் கொடுப்பர். எக்கூற்றை ஏற்கின்றனர் என்று கேளாது, எத்தனை கூற்றுக்களை ஏற்கின்றனர் என்று மாத்திரம் கேட்பர். இரு பிரிவினரின் சராசரிகளுக்கிடையேயுள்ள வேறுபாடு, எவரையும் காட்டிக்கொடாது உண்மையை உணர்த்தும். இம்முறையாற் பெறப்பட்ட, 2024இல் வெளியான ஆராய்ச்சியொன்றில், நேரிற் கேட்டபோது நூற்றுக்கு 90 வீதத்துக்கு மேலாக இருந்த கட்சி ஆதரவு, 50க்கும் 70க்கும் இடைப்பட்டதாயிற்று. இம்முடிபு இரு சாராருக்கும் பாடமாகும். பாதிக்குக் குறையாதோர் அச்சமின்றியும் ஆதரவளிக்கின்றனர் என்பதை அரசாங்கத்தை வெறுப்போர் ஏற்றல் வேண்டும். ஐவருள் ஒருவரேனும் மனத்தொன்று வைத்து வாயொன்று கூறுகின்றனர் என்பதை அதனைப் போற்றுவோர் ஏற்றல் வேண்டும்.

சேய்மை நம்பிக்கைக்குக் கடுஞ்சோதனை 2022இல் நேர்ந்தது. அவ்வாண்டு ஏப்பிரிலில் ஹெனான் மாகாணத்துக் கிராம வங்கிகள் சிலவற்றில் மக்களின் வைப்புப்பணம் முடக்கப்பட்டது. முறையிடப் புறப்பட்ட வைப்பாளர் 1,317 பேரின் கைத்தொலைபேசியிலுள்ள சுகாதாரக் குறியீடு, நோயேதுமின்றியே சிவப்பாக மாற்றப்பட்டது. நோயைத் தடுத்தற்கென மக்கள் ஏற்றுக்கொண்ட கருவி, வாய்திறப்போரைத் தடுத்தற்குப் பயன்பட்டது. அப்போதும் யூலை மாதத்திற் செங்சௌ நகரிற் கூடிய வைப்பாளர் தேசியக்கொடியை ஏந்தி, மாகாண அரசாங்கத்தையே குற்றஞ்சாட்டினர். பழைய முறை இன்னும் தளரவில்லை. ஆனால் தொற்றுநோயை முற்றாக ஒழிக்கும் கொள்கையோ மத்தியின் கொள்கை; தலைவர் சி சின்பிங்கின் பெயரோடு பிணைந்த கொள்கை. நவம்பர் 24ஆந் தேதி உரும்சி நகரத்துத் தொடர்மாடி வீடொன்றில் தீப்பற்றிப் பத்துப்பேர் இறந்தபோது, அடைப்பே மக்கள் தப்பாமைக்குக் காரணம் என்ற எண்ணம் நாடெங்கும் பரந்தது. ஷாங்காய் முதலிய நகரங்களில் இளைஞர் எழுத்தொன்றுமில்லாத வெள்ளைத்தாளை ஏந்தி நின்றனர். உள்ளூர் உத்தியோகத்தர் என்னும் திரை அப்பொழுது இல்லை. தலைவரும் கட்சியும் விலக வேண்டும் என்ற குரலும் ஷாங்காய் வீதியில் எழுந்தது. திசெம்பர் 7ஆந் தேதி அரசாங்கம் அக்கட்டுப்பாடுகளைத் தளர்த்திற்று.

இந்நிகழ்ச்சி உணர்த்துவது யாது? அதிகாரம் மேன்மேலும் மத்தியிற் குவியுந்தோறும், பழியைக் கீழே இறக்கும் வழி அடைபடும். எல்லாப் புகழையும் தனக்கே உரியதாக்கும் அரசாங்கம், எல்லாப் பிழையையும் தனக்கே உரியதாக்க நேரிடும். தொலைவினாற் காக்கப்பட்ட நம்பிக்கை, தொலைவு நீங்கியவுடன் காவலற்றதாகி விடுகின்றது.

இவ்வுண்மையை அவ்வரசாங்கமும் அறியாததன்று. 2011ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் நாட்டுப் பாதுகாப்புக்கு 60,110 கோடி யுவானும், உள்நாட்டு அமைதிப் பாதுகாப்புக்கு 62,440 கோடி யுவானும் ஒதுக்கப்பட்டன. சாதாரண பொலிசுச் சேவையும் நீதிமன்றங்களும் பின்னதில் அடங்கும் என்பது உண்மையே. எனினும் நூற்றுக்கு தொண்ணூறு வீதத்தினரின் நம்பிக்கையைப் பெற்றதாகக் கூறப்படும் ஓர் அரசாங்கம், அயலாரை நோக்கிய காவலினும் தன் குடிகளை நோக்கிய காவலுக்கு மிகுதியாகச் செலவிட்டமை சிந்தித்தற்குரியது. குடிகள் அரசை நம்பிய அளவுக்கு அரசு குடிகளை நம்பவில்லை.

முடிவாகக் கூறுமிடத்து, சீன மக்களின் அரச நம்பிக்கை வெறும் பொய்த்தோற்றம் அன்று. உணவும் வீதியும் மருந்தும் கண்ட ஒரு தலைமுறையின் நன்றியுணர்வு அதில் உண்டு, மேலே ஒரு நீதியேனும் எஞ்சியிருத்தல் வேண்டும் என்னும் எளியோரின் எதிர்பார்ப்பும் உண்டு, அச்சமும் உண்டு. இம்மூன்றையும் ஒன்றாக்கி ஒரே எண்ணாற் குறிப்பது அளவையியலுக்கு ஒவ்வாது. மறுத்துரைக்க இடமுள்ளவிடத்துப் பெறப்படும் இசைவே இசைவு எனப்படும். திரும்பப் பெறும் உரிமையுள்ளவன் கொடுக்கும் நம்பிக்கையே முழு நம்பிக்கை எனப்படும். அவ்வுரிமை இல்லாதவிடத்து 93.1 என்னும் எண், மக்கள் அரசாங்கத்துக்கு வழங்கிய நற்சான்றிதழ் என்பதைவிட, அரசாங்கத்தின்மேல் அவர்கள் வைத்துள்ள நிலுவைக் கடன் என்று கொள்வதே பொருத்தமாகும். வூக்கான் கிராமத்தாரின் காணியும், பால்மா அருந்திய குழந்தைகளின் நலமும், வைத்தியர் ஒருவரின் எச்சரிக்கைக்கு உரிய மதிப்பும் அக்கடனுள் அடங்கும்.